சுற்றுநிருபமும் சம்பளமும்: கொள்ளைநோய்க் காலத்தில் இங்கிலாந்தின் பராமரிப்புத் தொழில்

2020ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி இங்கிலாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம், முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் வீடுகளுக்குச் சென்று பராமரிப்பு வழங்குவோருக்குமாக ஒரு வழிகாட்டற் குறிப்பை வெளியிட்டது. பராமரிப்புப் பெறுவோர் புதிய கொரோனா வைரசினாற் பீடிக்கப்படுவது மிகவும் அரிது என்பது அக்குறிப்பின் சாரம். நோய் இன்னும் நாட்டினுள்ளே சமூகத்திற் பரவவில்லை என்ற கணிப்பின்மீது எழுதப்பட்டது அது. மார்ச் 13ஆந் திகதி அது மீளப்பெறப்பட்டது. மார்ச் 2ஆந் திகதி தொடக்கம் யூன் 12ஆந் திகதி வரையான நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பராமரிப்பு இல்லவாசிகளுள் 66,112 பேர் இறந்தனர். அவர்களுள் 19,394 பேரின் மரணப் பத்திரங்களிற் கொவிட்–19 குறிக்கப்பட்டிருந்தது.

இந்த இழப்பைப் பற்றிப் பேசுவோர் பலர் தகவற் குறைபாட்டையே முதற் காரணமாகக் காட்டுவர். பிழையான குறிப்பு வந்தது, சரியான குறிப்பு காலந்தாழ்த்தி வந்தது, ஆதலின் உயிர்கள் பறிபோயின என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. ஏப்ரில் மாத நடுப்பகுதிக்குப் பின்னர் சரியான அறிவுறுத்தல்கள் ஏராளமாகவே வந்தன. நோய்க்குறி தோன்றின் வேலைக்கு வராது வீட்டில் இருத்தல் வேண்டும் என்பதை அறியாத பராமரிப்பு ஊழியர் அவ்வேளையில் இருந்திருத்தல் அரிது. அறிந்திருந்தும் அதனைக் கடைப்பிடிக்க இயலாத நிலையில் அவர்களை வைத்திருந்தது யாது என்பதே கேட்கவேண்டிய வினா. தாளில் வரும் அறிவுறுத்தலுக்கும் அதனை நிறைவேற்றவேண்டிய தொழிலாளியின் வாழ்நிலைக்கும் இடையிலுள்ள உறவை, இவ்வொரு துறையை எடுத்துக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறை உருவான விதம்

‘சமூகப் பராமரிப்பு’ என்ற தொடருக்கு முதலிற் சிறிது விளக்கம் வேண்டும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், மலசலம் கழிக்க உதவுதல், மருந்தை நேரத்துக்கு நினைவூட்டுதல் ஆகியனவே அதன் அன்றாட உள்ளடக்கம். முதியோர், உடற்குறையுடையோர், உளவளர்ச்சி குன்றியோர் ஆகிய வளர்ந்தோருக்கு இவ்வுதவி தேவைப்படுகிறது. எமது சூழலில் இவற்றைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் ஊதியமின்றிச் செய்துவருவதால் இது ஒரு தொழிலாகவோ துறையாகவோ எமது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இங்கிலாந்தில் இது சம்பளத்துக்குச் செய்யப்படும் வேலை. எனினும் அங்கும் செய்வோர் பெண்களே. 2019–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தொழிலில் இருப்போருள் 82 சதவீதத்தினர் பெண்கள். எம்மிடையேயிருந்து புலம்பெயர்ந்து சென்றவர்களுள் இவ்வில்லங்களிற் பணிபுரிவோரும், முதுமையெய்தி இப்போது அவற்றிலே வாழ்வோரும் உளர்.

நோயாளிக்கு மருத்துவம் செய்வதும் இயலாதவரைப் பராமரிப்பதும் இருவேறு காரியங்கள் என்ற பிரிப்பு 1948இற் சட்டவடிவம் பெற்றது. அவ்வாண்டு யூலை 5ஆந் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை, எவருக்கும் கட்டணமின்றி மருத்துவம் வழங்குவதாக அமைந்தது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம், முதுமையாலும் இயலாமையாலும் பராமரிப்பு வேண்டியோருக்கு இடவசதி வழங்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. இங்கே கட்டணம் உண்டு. வசதி பார்த்தே அறவிடப்படும். சுகாதார அமைச்சர் அனெய்ரின் பெவன், பழைய வறியோர் விடுதிகளின் இடத்தில், முகாமையாளருக்கும் விருந்தினருக்கும் உள்ள உறவு போன்ற உறவு நிலவும் சிறு இல்லங்கள் எழும் என்று எதிர்பார்த்தார். 173 நிலையங்களை நேரிற் சென்று பார்த்த சமூகவியலாளர் பீற்றர் ரவுண்சென்ட், 1962இல் வெளியிட்ட ‘கடைசிப் புகலிடம்’ என்னும் நூலில், முதியோர் பலர் இன்னமும் அப்பழைய வறியோர் விடுதிக் கட்டடங்களிலேயே கிடப்பதைக் காட்டினார். புற்றுநோயாளிக்குக் கட்டணமில்லை, மறதிநோயாளி தன் வீட்டை விற்றுக் கட்டணம் கட்டவேண்டும் என்ற முரண்பாடு அன்று கோடிட்ட இடத்திலிருந்தே வருகிறது. சொத்துப் பெறுமதி 23,250 பவுணுக்கு மேற்படின் அரச உதவி இல்லை என்பது 2010 தொட்டு நிலவும் விதி.

அடுத்த மாற்றம் 1980களில் நிகழ்ந்தது. தனியார் இல்லங்களிற் சேரும் வறியோரின் கட்டணத்தைச் சமூக நலக் கொடுப்பனவிலிருந்து செலுத்தலாம் என்ற ஏற்பாட்டினால், 1979இற் சுமார் ஒரு கோடிப் பவுணாக இருந்த இச்செலவு பத்தாண்டுகளுள் நூறு கோடிப் பவுணைத் தாண்டியது. அரச பணத்தினால் ஒரு தனியார் சந்தை வளர்க்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இச்செலவை உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் விட்டது. ஆனால் அதற்காக 1993 முதல் வழங்கப்பட்ட விசேட நிதியில் 85 சதவீதத்தை மன்றங்கள் தமக்கு வெளியேயுள்ள நிறுவனங்களிடமே செலவிடல் வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. தாமே இல்லம் நடத்திய மன்றங்கள் இவ்வாறு வாடிக்கையாளர்களாயின. இச்சந்தையின் தன்மையை 2011இல் நாடு கண்டது. ஏறத்தாழ 750 இல்லங்களையும் 31,000 இல்லவாசிகளையும் கொண்டிருந்த சதேர்ன் குறொஸ் என்னும் மிகப் பெரிய கம்பெனி, கட்டடங்களை விற்று அவற்றையே வாடகைக்கு எடுத்து நடத்தும் முறையிற் சிக்கி, உயர்ந்துகொண்டே சென்ற வாடகையைச் செலுத்தமாட்டாது சரிந்தது. முதியோரின் படுக்கை நிலவாடகையின் ஈடாகிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

கொள்ளைநோய் வந்தபோது துறையின் நிலை என்ன? ‘ஸ்கில்ஸ் ஃபோ கெயர்’ என்னும் அமைப்பின் 2019–20ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 18,200 நிறுவனங்கள் 38,000 இடங்களில் இத்தொழிலை நடத்தின. பதினைந்து இலட்சம் பேர் பணிபுரிந்தனர். இது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையின் ஆளணியினும் அதிகம். தனியார் மற்றும் தொண்டு நிறுவனங்களிற் பராமரிப்பு ஊழியரின் இடைநிலைச் சம்பளம் 2020 மார்ச்சில் மணித்தியாலத்துக்கு 8.50 பவுண். ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்த சட்டபூர்வமான குறைந்தபட்சக் கூலியோ 8.72 பவுண். அதாவது, துறையின் சரிபாதிக்கு மேற்பட்டோரின் சம்பளத்தைச் சட்டம் ஒன்றே உயர்த்தவேண்டியிருந்தது. நான்கிலொரு பங்கினர் ‘பூச்சிய மணித்தியால’ ஒப்பந்தத்தில் இருந்தனர். எத்தனை மணித்தியால வேலையும் உறுதியில்லை, அழைக்காவிடிற் சம்பளமில்லை என்பதே அவ்வொப்பந்தத்தின் பொருள். ஓர் இல்லத்தில் மணித்தியாலங்கள் போதாதபோது இன்னோர் இல்லத்திலும் வேலை செய்தே வாரத்தை நிரப்பவேண்டும்.

இவ்விபரங்களின் பின்னணியில் அரசின் நிலையையும் நோக்குதல் வேண்டும். வைத்தியசாலைகளிலே தாதியரும் களஞ்சியங்களும் கட்டளைச் சங்கிலியும் அரசினுடையவை. பராமரிப்புத் துறையில் அவ்வாறு எதுவும் இல்லை. தர ஆணைக்குழு பரிசோதிக்கும். உள்ளூராட்சி மன்றம் விலைபேசி வாங்கும். அமைச்சு கொள்கை எழுதும். அமைச்சிற் பராமரிப்புத் துறைக்கென ஒரு தலைமைத் தாதிகூட இருக்கவில்லை. முதலாமவர் 2020 டிசெம்பரிலேயே, முதலாம் அலை ஓய்ந்து இரண்டாம் அலை எழுந்த பின்னரே, நியமிக்கப்பட்டார். 2016 ஒக்டோபரில் நடைபெற்ற ‘சிக்னஸ்’ என்னும் கொள்ளைநோய் ஒத்திகை, பராமரிப்புத் துறை பெருஞ்சுமையைத் தாங்கமாட்டாது என்று எச்சரித்திருந்தது. அவ்வறிக்கையை 2020 ஒக்டோபர் வரை அரசு வெளியிடவில்லை. ஆதலின் நோய் வந்தபோது அரசின் கையில் உடனடியாக இருந்தது பெரும்பாலும் ஒன்றே: சுற்றுநிருபம் அனுப்பும் அதிகாரம்.

தாள்களின் வருகை

மார்ச் 17ஆந் திகதி தேசிய சுகாதார சேவையின் தலைமை, வைத்தியசாலைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மருத்துவ ரீதியாக வெளியேறத் தக்கவர் அனைவரையும் உடனே வெளியேற்றுக. அதனால் 15,000 வரையான படுக்கைகள் விடுபடும் என்பது அதன் கட்டளை. இத்தாலியின் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்ததைக் கண்ட அச்சம் இதன் பின்னணியில் இருந்தது; அந்த அச்சம் பொய்யானதன்று. ஆனால் வெளியேறுவோர் எங்கே செல்வர்? மார்ச் 17 முதல் ஏப்ரில் 15 வரை ஏறத்தாழ 25,000 பேர் வைத்தியசாலைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர் எனத் தேசிய கணக்காய்வு அலுவலகம் பின்னர் அறிவித்தது. அவர்களுள் எத்தனை பேர் நோயைக் காவிச் சென்றனர் என்பது அறியமுடியாதது. ஏனெனிற் பெரும்பாலோர் பரிசோதிக்கப்படவில்லை. ஏப்ரில் 2ஆந் திகதி வந்த குறிப்பு, இல்லத்திற் சேர்ப்பதற்கு முன் நோயில்லை என்ற பரிசோதனை முடிவு தேவையில்லை என்றே கூறிற்று. ஏப்ரில் 15ஆந் திகதி வெளியான செயற்றிட்டத்திலேயே வெளியேறும் ஒவ்வொருவரையும் பரிசோதித்தல் ஏற்கப்பட்டது. நோய்க்குறி இல்லாதோர் உட்பட இல்லவாசிகளையும் ஊழியரையும் பரிசோதிக்கும் அறிவிப்பு ஏப்ரில் 28இல் வந்தது.

நோய்க்குறி தோன்றுமுன்னரே நோய் பரவும் என்பது அப்போது தெரியாத விடயம் என்று வாதிடுவோர் உளர். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துத் தாதியர் இல்லம் ஒன்றில் நடந்த பரிசோதனையின் முதல் முடிவுகள் மார்ச் 27இலேயே வெளியாகியிருந்தன. ஏப்ரிலில் வந்த முழு அறிக்கையின்படி, தொற்று உறுதிசெய்யப்பட்ட 48 இல்லவாசிகளுள் 27 பேருக்குப் பரிசோதனையின்போது எவ்வித நோய்க்குறியும் இல்லை. அவர்களுள் 24 பேருக்குப் பின்னரே தோன்றின. காய்ச்சலையும் இருமலையும் பார்த்துப் பிரித்துவைக்கும் முறை முதியோர் இல்லத்திற் பயன்படாது என்பதே அதன் பொருள்.

இல்லமொன்றின் முகாமையாளர் பக்கம் நின்று இத்தாள்களை நோக்குவோம். அமைச்சிலிருந்து ஒன்று, பொதுச் சுகாதார நிறுவனத்திலிருந்து ஒன்று, உள்ளூராட்சி மன்றத்திலிருந்து ஒன்று, தர ஆணைக்குழுவிலிருந்து ஒன்று. சில வெள்ளி மாலையில் வரும். முன்னையதில் மாறியது எவ்வரி என்று கூறாமலே வரும். முகாமையாளர் பலர் தாமும் தாதியரல்லர். நாள்தோறும் எத்தனை படுக்கை வெற்றிடம், எத்தனை ஊழியர் வரவில்லை, எத்தனை கையுறை எஞ்சியுள்ளது என்பதைக் கணினி வழி அறிவிக்கும் கடமையும் அவரைச் சேர்ந்தது. வழமையான நேரடிப் பரிசோதனைகளைத் தர ஆணைக்குழு மார்ச் 16இல் இடைநிறுத்தியிருந்தது. உறவினருக்கும் கதவு மூடப்பட்டது. வெளியார் கண் படாத இடமாக இல்லம் மாறியது. நாளாந்த மரண எண்ணிக்கை என்று தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டது ஏப்ரில் 29 வரை பெரும்பாலும் வைத்தியசாலை மரணங்களையே. இல்லத்தில் இறந்தவர் அந்த எண்ணிலும் இடம்பெறவில்லை.

பொருள்வழி உதவியும் இதே வரிசையில் வந்தது. பதிவுபெற்ற ஒவ்வொரு நிலையத்துக்கும் மார்ச்சிற் குறைந்தது 300 முகக்கவசங்கள் இலவசமாக அனுப்பப்பட்டன. நாற்பது பேர் வாழும் இல்லத்தில், ஒருவரைத் தொடும்போதெல்லாம் புதிய கவசம் அணியவேண்டுமாயின் அது சில நாட்களுக்குத்தான் போதும். மார்ச் முதல் யூலை வரை மத்திய அரசு வைத்தியசாலை நிறுவனங்களுக்கு வழங்கிய தற்காப்பு அணிகள் அவற்றின் மதிப்பிட்ட தேவையில் 80 சதவீதம். பராமரிப்புத் துறைக்கு வழங்கியவை 10 சதவீதம். எஞ்சியதை உயர்ந்துவிட்ட சந்தை விலையில் இல்லங்களே தேடிக்கொண்டன. ஏப்ரில் 15ஆந் திகதிச் செயற்றிட்டத்தோடு அமைச்சர் மற் ஹன்கொக் ஊழியர் அணிவதற்கான ஒரு சின்னத்தையும் விளம்பரப்படுத்தினார். வியாழக்கிழமை இரவுகளில் நாடு வாசலில் நின்று கைதட்டியது. கைதட்டியோரின் நன்றியுணர்வை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆயினும் அங்கியின்றி நின்ற ஊழியருக்குச் சின்னம் வழங்கும் ஓர் ஆட்சியைப் பற்றிப் பின்வரும் தலைமுறை நாடகம் எழுதினால் அது மிகைப்படுத்தல் எனப்படலாம்.

நோய் சென்ற வழி

வைத்தியசாலையிலிருந்து அனுப்பப்பட்டோரே இல்லங்களுக்குள் நோயைக் கொணர்ந்தனர் என்பது பரவலான கருத்து. இதனை ஆராய்ந்த பொதுச் சுகாதார நிறுவனம், 2020 ஜனவரி முதல் ஒக்டோபர் வரை இல்லங்களில் எழுந்த நோய்ப்பரவல்களுள் 1.6 சதவீதமே வைத்தியசாலைத் தொற்றோடு வெளியேறியவர்களால் தொடங்கியிருக்கலாம் என 2021இற் கணித்தது. இக்கணிப்பை அப்படியே ஏற்க முடியாது. பரிசோதனை செய்யாத காலத்தில் எவர் தொற்றோடு வந்தார் என்பதைப் பரிசோதனைப் பதிவேட்டைக் கொண்டு அறிய முயல்வது, பூட்டிய அறையில் ஆளில்லை என்று கதவைத் திறவாமலே சாட்சி சொல்வதை ஒக்கும். எனினும் எண்ணைப் பன்மடங்காக்கினாலும் பெரும்பங்கு எஞ்சியே நிற்கிறது. இல்லங்கள் பூட்டப்பட்டிருந்தன, உறவினர் வரவில்லை. நாள்தோறும் உள்ளே சென்று வெளியே வந்தவர் ஊழியரே. அவர்கள் விரும்பி நோயைக் காவவில்லை. அவர்களைக் காவச் செய்த ஏற்பாடு ஒன்று இருந்தது.

அந்த ஏற்பாட்டை எண்களில் வெளிக்கொணர்ந்தது ‘விவால்டி’ என்னும் ஆய்வு. முதியோரும் மறதிநோயாளரும் வாழும் 9,081 இல்லங்களை அணுகி, 5,126 இல்லங்களின் முகாமையாளரிடமிருந்து விடை பெற்று, தேசிய புள்ளிவிபர அலுவலகம் 2020 யூலை 3ஆந் திகதி அதன் முதல் முடிவுகளை வெளியிட்டது. இவ்வில்லங்களுள் 56 சதவீதத்தில் ஒருவரேனும் தொற்றுற்றிருந்தார். தொற்றுற்ற ஊழியர் ஒருவர் கூடும்தோறும் இல்லவாசிகளுக்குத் தொற்றும் வாய்ப்பு 11 சதவீதம் உயர்ந்தது. முகவர் நிலையங்கள் வழிவரும் தற்காலிக ஊழியரைப் பெரும்பாலான நாட்களிற் பயன்படுத்திய இல்லங்களில் இல்லவாசிகளின் தொற்று வாய்ப்பு 1.58 மடங்காக இருந்தது. ஊழியர் அடிக்கடி வேறிடங்களிலும் வேலை செய்யும் இல்லங்களில் ஊழியர் தொற்று வாய்ப்பு 2.4 மடங்கு. இவை யாவற்றினும் கவனிக்கத்தக்க முடிவு வேறொன்று: ஊழியருக்குச் சுகவீன விடுமுறைச் சம்பளம் வழங்கிய இல்லங்களில் இல்லவாசிகளின் தொற்று வாய்ப்பு 7 முதல் 18 சதவீதம் வரை குறைந்திருந்தது.

இது அவதானிப்பு ஆய்வே என்பதை மறத்தலாகாது. சுகவீனச் சம்பளம் கொடுக்கும் இல்லம் வேறு வகைகளிலும் நன்கு நடத்தப்படும் இல்லமாக இருக்கலாம். தொடர்பு முழுவதையும் காரணமெனக் கொள்ள முடியாது. ஆயினும் காரணத்தின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளப் பெரிய கோட்பாடு தேவையில்லை. 2020 ஏப்ரிலிற் சட்டபூர்வமான சுகவீனக் கொடுப்பனவு வாரத்துக்கு 95.85 பவுண். வாரத்துக்கு 35 மணித்தியாலம் 8.72 பவுணுக்கு வேலை செய்யும் ஊழியரின் சம்பளம் 305 பவுணுக்குச் சற்று மேல். வீட்டில் இருந்தால் அதன் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே கிடைக்கும். அதுவும் ஒரே தொழில்தருநரிடம் வாரத்துக்குச் சராசரியாக 120 பவுண் உழைப்போருக்கே. இரண்டு மூன்று இல்லங்களிற் சிறிது சிறிதாக மணித்தியாலம் சேர்ப்பவர், ஒவ்வோரிடத்திலும் அந்த எல்லைக்குக் கீழேயிருந்தால், எங்கும் எதுவும் பெறமாட்டார். நோய்ப்பரவலை மிகுவிக்கும் வேலைமுறையில் இருப்பவரே வீட்டில் இருக்க வசதி மிகக் குறைந்தவராகவும் இருந்தார்.

இத்தகைய ஒருவருக்குத் தொண்டை சற்றுக் கரகரக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை செய்தால் முடிவு என்னவாகும் என்ற அச்சம், நோயைப் பற்றியது மாத்திரமன்று. வீட்டு வாடகையைப் பற்றியதுமாகும். சுற்றுநிருபம் அவருடைய மனச்சாட்சியை நோக்கிப் பேசுகிறது. தவிரவும் அவர் வராவிடின் இரவு வேலைக்கு எவருமில்லை என்பது அவருக்குத் தெரியும். படுக்கையிற் கிடக்கும் மூதாட்டியைப் பெயர்சொல்லி அறிந்தவர் அவர். இம்முடிச்சை ‘ஊழியரின் ஒழுங்கீனம்’ என்று பெயரிட்டு அகன்றுவிடுவது எளிது.

உயிர்விலையைக் கொடுத்தவர்களும் அவர்களே. 2020 மார்ச் 9 முதல் டிசெம்பர் 28 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் கொவிட்–19 தொடர்பாக இறந்த உழைக்கும் வயதுப் பராமரிப்பு ஊழியர் 469 பேர். இத்தொழிலிலுள்ள ஆண்களின் மரண வீதம் இலட்சத்துக்கு 79.0, அவ்வயது ஆண்கள் எல்லோரையும் எடுத்தால் 31.4. பெண்களில் இது முறையே 35.9உம் 16.8உம் ஆகும். இதே காலத்திலே, வெளிநாடுகளிலிருந்து வந்து இத்தொழில் புரிந்தோர் தாம் பணியாற்றும் நாட்டின் சுகாதார சேவையைப் பயன்படுத்துவதற்கு மேலதிக வரி செலுத்தவேண்டியிருந்தது. 2020 மே 21இற் பிரதமர் பொறிஸ் ஜோன்சன், எதிர்ப்பின் பின்னர், அதிலிருந்து அவர்களை விலக்க இணங்கினார்.

உதவி வடிவம் மாறியபோது

மே மாதத்திலிருந்து உதவியின் தன்மையில் ஒரு மாற்றம் தெரிகிறது. மே 1ஆந் திகதிக் கடிதம், ஒவ்வோர் இல்லத்துக்கும் பொறுப்பான மருத்துவ அலுவலர் ஒருவரும் வாராந்த மருத்துவத் தொடர்பும் வேண்டும் என்று குடும்ப வைத்தியர்களையும் சமூகச் சுகாதார சேவைகளையும் கேட்டது. தொலைபேசியில் ஒரு பெயர் கிடைத்தது; தாளை வாசித்துப் பொருள்கொள்ள ஒருவர் கிடைத்தார். தகவல் என்பது மனித உறவாக வந்தபோதே பயன்பட்டது என்பதைப் பின்னைய அனுபவம் முழுவதும் காட்டுகிறது.

அடுத்து, மே 15இல் 60 கோடிப் பவுண் கொண்ட தொற்றுத் தடுப்பு நிதி அறிவிக்கப்பட்டது. அதன் முக்காற் பங்கு படுக்கை எண்ணிக்கைப்படி இல்லங்களுக்கு நேரே சென்றது. தனிமைப்படும் ஊழியருக்கு வழமையான முழுச் சம்பளம் கொடுத்தல், ஓர் ஊழியரை ஓர் இல்லத்தோடு நிறுத்துதல் என்பனவே அதன் பிரதான நோக்கங்கள். முன்னர் நல்லொழுக்கமாகக் கேட்கப்பட்டது இப்போது கூலிப் பட்டியலில் ஏறியது. சுற்றுநிருபம் முதன்முறையாகத் தன் கையிற் பணத்தோடு வந்தது எனலாம். செப்டெம்பரில் வெளியான மாரிகாலத் திட்டம் இன்னும் 54.6 கோடிப் பவுணைச் சேர்த்தது. தற்காப்பு அணிகளையும் இலவசமாக்கியது. யூலை முதல் இல்ல ஊழியருக்கு வாராந்தப் பரிசோதனை வந்தது. வீடுகளுக்குச் செல்லும் ஊழியருக்கோ நவம்பரிலேயே அது கிட்டியது. இல்லத்தைவிட வீட்டுப் பராமரிப்பு எப்போதும் பின்தங்கியே நினைக்கப்பட்டது. ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாத ஊழியர் பலர் அங்கேயே இருந்தனர்.

நிதி எல்லா இடத்திலும் ஊழியரின் கைக்கு வந்தது என்று கொள்ளலாகாது. அரசு இல்லத்துக்குக் கொடுத்தது. இல்லம் ஊழியருக்குக் கொடுக்கவேண்டும். இடையில் நிற்கும் 18,000க்கு மேற்பட்ட முதலாளிகளும் ஒரே தன்மையினரல்லர். தொழிற்சங்கம் வலுவிழந்த துறையில், தனக்கு உரித்தான முழுச் சம்பளத்தைக் கேட்டுப் பெறுவதற்குரிய நிறுவன பலம் ஊழியரிடம் இருக்கவில்லை. அடுத்த வேலை முறை அழைப்பு எவர் கையில் உள்ளதோ அவரிடமே இவ்வுரிமையையும் கேட்கவேண்டும். இதனாலேயே தனிமைப்படுத்தலுக்கான நிதியும் ஒப்பந்த முறைமையும் ஒருசேர நோக்கப்படவேண்டியவை.

தடுப்பூசியின் வரலாறும் இங்கே பொருத்தமானது. 2020 டிசெம்பரில் வகுக்கப்பட்ட முன்னுரிமைப் பட்டியலின் முதலிடம் பராமரிப்பு இல்லவாசிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் வழங்கப்பட்டது. முதல் ஆண்டின் செயல்களுள் மிகச் சரியானது இதுவே. 2021 நவம்பர் 11இல் இல்ல ஊழியருக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது; 2022 மார்ச் 15இல் அவ்விதி நீக்கப்பட்டது. நான்கு மாத ஆயுள் கொண்ட அவ்விதியினால் வேலையை விட்டோர் மீள வருமாறு கெஞ்ச வேண்டிய நிலையே பின்னர் தோன்றியது. பேசி இணங்க வைக்கும் வேலைக்கு நேரமும் நம்பிக்கையும் வேண்டும். கட்டளைக்கு ஒரு பக்கத் தாள் போதும்.

தீர்ப்பும் அதன் பின்னும்

தந்தையரை இல்லங்களிற் பறிகொடுத்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், 2022 ஏப்ரில் 27இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய்க்குறியின்றிப் பரவும் அபாயத்தைக் கருத்திற் கொள்ளாது 2020 மார்ச்சிலும் ஏப்ரிலிலும் வகுக்கப்பட்ட வைத்தியசாலை வெளியேற்றக் கொள்கை சட்டமுரணானது என்பது தீர்ப்பு. இல்லங்களைச் சுற்றித் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பு வளையம் இட முயன்றோம் என 2020 மே 15இல் அமைச்சர் கூறியதை இத்தீர்ப்போடு சேர்த்து வாசித்தல் தகும். மனித உரிமை அடிப்படையிலான ஏனைய வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. கொள்ளைநோய் பற்றிய விசாரணை ஆணைக்குழு 2025 யூன் இறுதி முதல் யூலை இறுதி வரை பராமரிப்புத் துறை பற்றிய சாட்சியங்களைக் கேட்டது. நீதிமன்றம் ஒரு குறிப்பின் வாசகத்தை ஆராயலாம். ஒரு சம்பள முறைமையைப் பிரதிவாதிக் கூண்டில் நிறுத்த அதற்கு வழியில்லை.

ஆணைக்குழுக்களும் நீதிமன்றமும் குறிப்புகளை ஆராய்ந்துகொண்டிருக்கையில், மேற்கூறிய நிதிக்கு என்ன நேர்ந்தது என்பது அதிகம் பேசப்படவில்லை. தொற்றுத் தடுப்பு நிதி 2022 மார்ச் 31இல் முடிவுற்றது. மறுநாள் ஏப்ரில் 1. நோய் இருந்தது, அறிவுறுத்தலும் இருந்தது, நோயுற்றாற் பணிக்கு வராதிருக்கும்படி அது தொடர்ந்து கூறிற்று. அதைக் கடைப்பிடிப்பவர் பெறும் தொகை மாத்திரம் பெருவாரியான இல்லங்களிற் பழைய சட்டபூர்வக் கொடுப்பனவுக்குத் திரும்பியது. படுக்கை வெற்றிடங்களையும் ஆளணியையும் அறிவிக்கும் கணினிப் படிவமோ அதே ஆண்டு யூலை 31இலிருந்து சட்டக் கடமையாயிற்று. நெருக்கடிக் கால ஏற்பாடுகளுள் எது நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்பதற்கு இவ்விரு திகதிகளும் போதிய சான்று.

ஊழியர் வெற்றிடத்தை நிரப்புவதற்காக 2022 பெப்ரவரியில் வெளிநாட்டவருக்கு இத்தொழிலின் வாயில் திறக்கப்பட்டது. 2025 யூலை 22இல் அது புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2025 டிசெம்பரிற் சட்டமான தொழில் உரிமைச் சட்டம், சுகவீனக் கொடுப்பனவுக்கான குறைந்தபட்ச வருமான எல்லையையும் சம்பளமில்லாத முதல் மூன்று நாட்களையும் நீக்குகிறது; பராமரிப்புத் துறைக்கெனச் சம்பளப் பேரப் பேச்சு அமைப்பொன்றை நிறுவவும் இடமளிக்கிறது. அவ்வமைப்பு இணங்கும் சம்பளத்தைக் கொடுப்பதற்கான பணம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு எங்கிருந்து வரும் என்பதைச் சட்டம் கூறவில்லை.